சப்ரகமுவத் தோட்டங்களின் வீட்டுத்தோட்டத்தில் கோவா: உயரம், மழை, நிலம்

இலங்கைச் சந்தைகளுக்கு வரும் கோவாவின் பெரும்பகுதி நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் குளிர்ந்த சரிவுகளில் விளைகிறது. தமிழகத்தார் முட்டைக்கோசு என்று அழைக்கும் இந்த மரக்கறியை, சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களை ஒட்டிய சிறு பாத்திகளில் வளர்க்க முடியுமா என்று கேட்டால், 'மலைநாட்டுப் பயிர், இங்கே சரிவராது' என்ற பதிலும், 'வெப்பம் தாங்கும் விதை வந்துவிட்டது, எங்கும் விளையும்' என்ற பதிலும் ஒருசேரக் கிடைக்கின்றன. இரண்டுமே பாதி உண்மைகள்தாம். களுகங்கைப் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத இரத்தினபுரி நகரம் ஒரு முனையிலும், ஹோட்டன் சமவெளியின் தென் அடிவாரத்தில் பலாங்கொடைக்கும் பெலிஹுல்ஓயாவுக்கும் மேலே ஏறிச்செல்லும் தேயிலை மலைகள் மறுமுனையிலுமாக விரிந்து கிடக்கும் ஒரு மாகாணத்துக்கு ஒரே விடை பொருந்தாது. எந்த உயரம், எந்த மாதம், யாருடைய மண் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே இக்கேள்வி தெளிவடையும்.

முதலில் பயிரின் இயல்பைக் கவனிக்க வேண்டும். கோவா ஐரோப்பாவின் கடலோரக் காட்டுச் செடியொன்றிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்த ஈராண்டுப் பயிர். அதாவது, முதலாண்டில் இலைகளைத் திரட்டித் தலையாகக் கட்டி, குளிர்காலத்தைக் கடந்து, இரண்டாமாண்டில் பூத்து விதை தருவது. நாம் உண்ணும் தலை, தண்டின் நுனிமொட்டு நீளாமல் தங்கி, இலைகள் ஒன்றையொன்று மூடி இறுகுவதால் உண்டாவது. இவ்வாறு இறுகுவதற்கு 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையே உகந்தது. 25 பாகைக்கு மேல் போகப்போகச் செடி இலைகளை விரித்துக்கொண்டே இருக்கும், தலை தளர்வாகவோ கூம்பியோ நிற்கும், சில செடிகளில் தலையே கட்டாது. பூப்பதற்கோ பல வாரங்கள் 10 பாகையை ஒட்டிய குளிர் வேண்டும். சப்ரகமுவவின் தாழ்நிலத்தில் அது கிடைக்க வழியே இல்லை என்பதால் வீட்டில் விதை எடுக்கும் எண்ணத்துக்கும் இடமில்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதியான கலப்பின விதைகள். அவற்றின் மறுதலைமுறை தாய்ச்செடியைப் போல் அமையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

உயரம் கூடக்கூட வெப்பம் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.65 பாகை வீதம் குறைகிறது. இலங்கையின் விவசாயச் சூழலியல் வகைப்பாடு 300 மீற்றருக்குக் கீழ்ப்பட்டதைத் தாழ்நாடு, 300 முதல் 900 மீற்றர் வரை இடைநாடு, அதற்கு மேல் மலைநாடு என்று பிரிக்கிறது. இந்தக் கோடுகளை மாகாணத்தின் மீது போட்டுப் பார்த்தால், குருவிட்ட, எஹலியகொடை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல ஆகிய இடங்களின் இறப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை தாழ்நாட்டிலும், சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள பலாங்கொடை நகரைச் சுற்றிய தோட்டங்களும், இறக்குவானை, தெரணியகலை, அரநாயக்கப் பக்கத்து மலைத்தோட்டங்களில் பலவும் இடைநாட்டிலும், பலாங்கொடைக்கு மேலுள்ள உயர்ந்த பிரிவுகள் மலைநாட்டிலும் விழுகின்றன. ஒரே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தலை கட்டாத கோவா மேல்பிரிவில் இறுகுவது இதனால்தான். அயல் லயத்தின் அனுபவத்தை அப்படியே நம்பி நட்டவர் ஏமாறுவதும் இதே காரணத்தால்தான்.

வெப்பத்தைவிட மழையே இம்மாகாணத்தின் பெருஞ்சிக்கல் என்று சொன்னாலும் தவறில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியுடன் கூடிய இடைப்பருவ மழையும் கொட்டுகின்றன. டிசம்பர் பின்பகுதியில் தொடங்கி பெப்ரவரி முடியும்வரை மட்டுமே ஓரளவு வெளிப்பான காலம். அந்த வாரங்களில் இரவுகள் குளிர்கின்றன, விடியலில் புல்லில் பனி நிற்கிறது. ஆனால் பெப்ரவரிப் பகல் கடுமையாகச் சுடும். எனவே இடைநாட்டில் கோவாவுக்கு ஆண்டில் ஒரே ஒரு வாசல்தான் திறக்கிறது: நவம்பர் நடுவில் நாற்று போட்டு, டிசம்பர் நடுவில் நட்டு, மார்ச்சில் மற்றோர் இடைப்பருவ மழை வலுப்பதற்குள் வெட்டிவிடுவது. மே மாதத்தில் நட்ட கோவா ஓகஸ்டில் அழுகிப்போனால் அதற்கு விதையையோ கைராசியையோ குறை சொல்லிப் பயனில்லை.

வகைத் தெரிவு இதோடு சேர்ந்தது. ஜப்பானில் உருவாக்கப்பட்ட கே.கே. குறொஸ், கே.வை. குறொஸ் ஆகிய கலப்பினங்கள் வெப்பம் தாங்குபவையாக ஆசியாவின் தாழ்நிலங்களில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் ஒன்றரைக் கிலோகிராமை அண்டிய தலையைத் தருபவை. நுவரெலியாவுக்கு ஏற்ற பெரிய தலை வகைகளை இடைநாட்டில் நடுவது வீண். தமிழகத்திலும் நீலகிரியின் வகைகள் வேறு, குளிர்காலத்தில் மட்டும் சமவெளியில் போடப்படும் வகைகள் வேறு. 'வெப்பம் தாங்கும்' என்று விதைப்பொதியில் அச்சிட்டிருப்பதை, தலை கட்டும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மழையில் அழுகாது என்று அதற்குப் பொருளில்லை.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் தோட்டத்து வீட்டுப்பாத்திகளில் கோவா தோற்பதற்கு அதிகம் கவனிக்கப்படாத காரணம் அங்கேதான் இருக்கிறது. ஈரவலயத்தின் செம்மஞ்சள் பொட்சோலிக் மண், அதாவது பலத்த மழையால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கழுவிச் செல்லப்பட்ட களிமண், இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தை அளக்கும் காரஅமிலக் குறியீட்டில் 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு வசதியான மண். கோவா கேட்பதோ 6 முதல் 7 வரை. தேயிலைச் செடியைப் பிடுங்கிய இடத்திலோ தேயிலை மலையின் ஓரத்திலோ அப்படியே பாத்தி போட்டால், எருவை எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் செடி மஞ்சளித்துக் குறுகி நிற்கும். நடுவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே, சதுர மீற்றருக்குச் சுமார் 200 கிராம் டொலமைற்றைத் தூவி, முள்ளால் மண்ணைக் கிளறிக் கலப்பது முதல் வேலை. டொலமைற் என்பது சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த பாறைத் தூள். தேயிலைக்கும் அது இடப்படுவதால் தோட்டத்தாருக்குப் புதிய பொருளன்று. அடுப்புச் சாம்பலும் அமிலத்தை ஓரளவு தணித்துப் பொட்டாசியத்தையும் தரும். கவ்வாத்து விறகும் இறப்பர் விறகும் எரியும் லயத்து அடுப்புகளில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது மழையில் விரைவில் கரைந்துபோவதால் டொலமைற்றுக்கு மாற்றாகாது, துணையாகும்.

அமில மண்ணோடு ஒட்டிவரும் நோய் வேர்க்கழலை. பிளாஸ்மோடியோபோரா என்னும் நுண்ணுயிரி வேரைப் பற்ற, வேர்கள் இஞ்சிக்கிழங்கு போல் வீங்குகின்றன; பகலில் வாடி இரவில் தேறும் செடி, சில வாரங்களில் தேறுவதையும் நிறுத்திக்கொள்கிறது. நுவரெலியாப் பக்கத்துக் கோவாக்காரர்கள் நன்கறிந்த இந்நோயின் வித்துகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை. ஆகவே மலைநாட்டிலிருந்து வேரில் மண்ணோடு வரும் நாற்றுக் கட்டுகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமலிருப்பதே நல்லது. ஒரு வீட்டுக்கு வேண்டிய இருபது நாற்றுகளை, அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில், மக்கிய கூட்டெருவும் மணலும் கலந்து இஸ்தோப்பின் ஓரத்திலேயே வளர்த்துவிடலாம். விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நான்கு, ஐந்து இலை விட்டதும், ஏறத்தாழ நான்காம் வாரத்தில், நடலாம்.

பாத்தி அமைப்பதில் தேயிலைத் தொழிலாளருக்குச் சொல்லித்தர அதிகமில்லை. கான் வெட்டுவதும் கல்லுக்கட்டு வைப்பதும் அவர்களுடைய கைவேலை. சரிவுக்குக் குறுக்கே, ஓர் அடிக்குக் குறையாத உயரத்தில் பாத்தி எடுத்து, மேற்பக்கத்து நீரைக் கானில் திருப்பிவிட்டால் வேர் ஊறி அழுகாது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லயத்தின் பின்சுவருக்கும் மலைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தை அகலமாக்குவதற்காக மண்மேட்டின் அடியை மம்பட்டியால் அரிந்துகொண்டே போவது, மண்சரிவுக்குப் பேர்போன இவ்விரு மாவட்டங்களில் உயிரோடு விளையாடுவதாகும். 2016 மே மாதத்து மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கி மக்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயமாக அடையாளமிட்ட சரிவில் கோவாப் பாத்திக்காக ஓரடி மண்கூட வெட்டக்கூடாது; அங்கே பசளைப் பைகளில் மண் நிரப்பிச் செடி வைப்பதே தகும். பைக்கு ஒரு செடி. பன்னிரண்டு லீற்றர் மண் போதும். பெருமழை நாளில் பையைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் கூடுதல் நன்மை.

வெயிலும் ஒரு கேள்வி. பலாவும் தென்னையும் கமுகும் மிளகும் அடுக்கடுக்காக நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்ட மரபு கேகாலைக் கிராமங்களில் புகழ்பெற்றது. அது நிழலின் மரபு, கோவாவுக்கு உதவாது. இறப்பர்க் காட்டுக்குள் அமைந்த லயங்களிலும் இதே குறை உண்டு. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் விழாத இடத்தில் கோவா நடுவதைவிட இஞ்சியோ சேம்போ வைப்பது புத்திசாலித்தனம்.

பசளையைப் பொறுத்தவரை கோவா பெருந்தீனிக்காரப் பயிர். நைதரசன் குறைந்தால் தலை சிறுக்கும். மிஞ்சினால் இலை மென்மையாகிப் புழுவுக்கு விருந்தாகும். மாட்டுப்பட்டி வைத்திருக்கும் வீடுகளில் நன்கு மக்கிய சாணமும், தேயிலை மலையில் நிழலுக்காக நிற்கும் கிளிரிசீடியாவின் இலையும் சேர்ந்தால் பெரும்பகுதி தேவை தீர்ந்துவிடும். நட்ட மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் சிறிது யூரியா இடுவதில் குற்றமில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடுத்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது, நாட்டின் மரக்கறிச் செய்கை பட்ட பாடு யாவரும் அறிந்தது. வீட்டுப்பாத்தியின் அளவில் சேதனப் பசளை போதுமானதாக இருப்பதை ஏக்கர்க்கணக்கான செய்கைக்கும் பொருத்தியதே அந்தக் கொள்கையின் அடிப்படைப் பிழை.

இனிப் பூச்சிகள். கோவாவின் முதல் எதிரி வைரமுதுகுப்பூச்சி. சிறகு மடித்து அமரும்போது முதுகில் வைர வடிவங்கள் தெரியும் சிறு சாம்பல்நிற அந்து. அதன் பச்சைப் புழு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால், இலையில் கண்ணாடி ஒட்டிய சன்னல்கள் போலத் தெரியும். விரல் பட்டதும் துடித்து, மெல்லிய நூலொன்றில் தொங்கிக் கீழிறங்கும். இந்த ஓர் அடையாளம் போதும், வேறு புழுவோடு மாறாட்டம் வராது. 1953இலேயே ஜாவாத் தீவில் டி.டி.ரிக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற இப்பூச்சி, பின்னர் சந்தைக்கு வந்த பீடைநாசினிகள் பலவற்றையும் தாங்கப் பழகியது; பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லிக்கும்கூட வயல்வெளியில் முதன்முதலாக எதிர்ப்புக் காட்டியது இதுவே. மலைநாட்டுக் கோவாவில் மருந்தடிப்பு இத்தனை அடிக்கடி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்கென்று இருபது செடி வைப்பவருக்கோ இந்தப் போட்டியில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. மாலையில் இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் நசுக்குவதும், பழைய நுளம்புவலையைப் பிரம்பு வளைவுகளின் மேல் போர்த்துவதும் போதுமானவை. பலத்த மழை புழுக்களை அடித்துக்கொண்டு போகிறது என்பதால் மழைக்காலத்தில் இப்பூச்சி குறைவு. அதாவது, வெயில் காலத்தில் புழு, மழைக்காலத்தில் அழுகல்; இரண்டுக்கும் நடுவில்தான் சப்ரகமுவவின் கோவா பிழைத்தாக வேண்டும்.

தாழ்நிலத்துக்கே உரிய இன்னொரு புழு இளஞ்செடியின் குருத்தைத் துளைத்து நூலால் மூடிக்கொள்கிறது. நுனிமொட்டு போனதும் பக்கமொட்டுகள் வெடித்து, ஒரு பெரிய தலைக்குப் பதிலாக எலுமிச்சை அளவில் நாலைந்து குட்டித் தலைகள் வருகின்றன. நட்ட முதல் மூன்று வாரம் குருத்தைத் தினமும் பார்ப்பதன்றி இதற்கு வேறு வழியில்லை. நத்தைக்குச் சாம்பல் வட்டம் போடும் வழக்கம் ஒரு மழையோடு பயனற்றுப்போவது; இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே உறுதி. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் தோட்டங்களில் பெருகியிருப்பதைப் பற்றி எந்தத் தோட்டத்தாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புழுவைவிடக் கொடியது கருவழுகல். சாந்தோமோனாஸ் என்னும் பற்றீரியா, மழைத்துளியோடு இலையோரத்து நீர்த்துளைகள் வழியாக நுழைகிறது. இலையின் விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி முக்கோண மஞ்சள் தழும்பு இறங்குகிறது. தண்டைக் குறுக்கே வெட்டினால் நீர்க்குழாய்கள் கரிய வளையமாகத் தெரிகின்றன. வெப்பமும் ஈரமும் ஒன்றுசேரும் இடமே அதற்குச் சொர்க்கம், சப்ரகமுவவோ இரண்டையும் வாரி வழங்குகிறது. நோய் பெரும்பாலும் விதையோடு வருவது. 50 பாகை நீரில் 25 நிமிடம் விதையை வைத்தெடுக்கும் முறை உண்டு. வெப்பமானி இல்லாத அடுப்படியில் இதைச் செய்தால் விதை செத்துப்போகும் வாய்ப்பே அதிகம் என்பதால், பதப்படுத்தி முத்திரையிட்ட விதையை வாங்குவதே நல்லது. நீரை இலைமேல் ஊற்றாமல் வேரடியில் ஊற்றுவது, நோய்பட்ட செடியைப் பிடுங்கி எரிப்பது, அதே பாத்தியில் அடுத்த ஆண்டு முள்ளங்கி, நோக்கோல், கடுகு என்று இதே குடும்பத்துப் பயிரை வைக்காமல் போஞ்சியோ வெண்டியோ வைப்பது ஆகியவை எஞ்சிய காப்புகள்.

வரிசைக்கு 50, செடிக்கு 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருபது செடிக்கு நான்கு சதுர மீற்றர் பிடிக்கும், நடைபாதையோடு எட்டு. ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம் என்பதால், பேர்ச்சில் மூன்றிலொரு பங்கே போதும். ஆனால் இருபதையும் ஒரே நாளில் நட்டால் இருபது தலையும் ஒரே வாரத்தில் முற்றும். தாழ்நாட்டு வெப்பத்தில் வெட்டிய கோவா ஒரு வாரம் தாங்குவதே பெரிது. பத்து நாளுக்கு ஒருமுறை ஐந்தைந்தாக நடுவது இதற்குத் தீர்வு. தலையை வெட்டும்போது அடியிலைகளோடு குற்றியை விட்டுவைத்தால் பக்கத்தில் சிறு தலைகள் தளிர்க்கும். கறிக்கு அவையும் ஆகும். வெப்பநாடுகளில் அத்தளிர்களைக் கிள்ளி வேர்பிடிக்க வைத்து மறுபயிர் எடுப்பதும் உண்டு; விதை வாங்கக் காசில்லாத வேளையில் இது நினைவில் வைக்கத் தக்கது, தாய்ச்செடியில் நோய் இல்லாதவரை.

இத்தனை உழைப்பும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவ 17.3 சதவீதம், பெருந்தோட்டத்துறையில் 31.7 சதவீதம். கோவா இந்த இடைவெளியை நிரப்பிவிடாது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர், புரதமும் இரும்பும் சொற்பம். நிறைந்திருப்பது விற்றமின் சி. தேங்காய்ப்பூ போட்டுச் சில நிமிடத்தில் இறக்கிய சுண்டலில் அது தங்கும், நீர்விட்டு வேகவைத்து வடித்தால் பெருமளவு போய்விடும். பிள்ளையின் தட்டுக்குக் கோவாவைவிட முருங்கையிலையும் பயறும் முட்டையும் முக்கியம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோவாவின் பயன், கறிச்செலவைச் சில வாரம் குறைப்பதும், மருந்தடிக்காத இலையை உண்ணக் கிடைப்பதும்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது அந்தச் சிறு பயன் சிறிதாகத் தோன்றவில்லை. அந்த ஆண்டு ஜூனில், வீட்டில் பயிரிடுவதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் கம்பனிகளின் ஊழியர் என்பதால் அச்சலுகை அவர்களைச் சேரவில்லை. பகல் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணே மாலை வெளிச்சத்தில் பாத்தியையும் பார்த்தாள்.

நிலத்தின் கதை இன்னும் கடினமானது. லயத்து வாசலும் பின்பக்கமும் தோட்டத்துக்கு உரியவை; பாத்தி போடுவது வழக்கத்தால் கிடைத்த அனுமதி, உரிமையன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும், தொழிலாளியின் பாத்தி யாருடையது என்பது எழுதப்படவில்லை. தமிழருக்கு எதிரான 1981 ஓகஸ்ட் வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பாத்தியையும் மாட்டையும் விட்டுவிட்டு வன்னிப் பக்கம் போயின. அத்தகைய நினைவுள்ள இடத்தில் எலுமிச்சையும் தென்னையும் போன்ற நெடுங்காலப் பயிர்களுக்குக் கை வராமல், மூன்று மாதத்தில் முடியும் மரக்கறிக்கே மனம் போவது இயல்பு. அண்மைய வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச் ஒதுக்கப்பட்டு, 550 சதுர அடி வீடு கட்டப்பட்டது. வீடு இரண்டு பேர்ச் எடுத்தால் மிச்சம் ஐந்து. சரிவும் படிக்கட்டும் கழிவுநீர்க் குழியும் போக இரண்டு பேர்ச்சாவது பயிருக்குத் தேறும். இருபது கோவாவுக்கு அது தாராளம்.

ஆகவே, 900 மீற்றருக்கு மேலுள்ள பிரிவுகளில் கோவாவைத் தயங்காமல் வைக்கலாம். இடைநாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் நாற்றுக்கு மட்டும் இடமுண்டு. 300 மீற்றருக்குக் கீழ் அதைக் கைவிட்டு, பொன்னாங்காணி, கங்குன், வல்லாரை, பயற்றை, கத்தரி ஆகியவற்றுக்கு அந்த மண்ணைக் கொடுப்பதே சரி. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் விவசாயப் போதனாசிரியர்களும் தோட்டங்களுக்கு விதைப்பொதி கொண்டுவரும்போது, தோட்டத்தின் உயரத்தையும் வழங்கும் மாதத்தையும் பார்த்தே கொண்டுவர வேண்டும். கோவா விதையைக் கொடுப்பதானால் ஒக்டோபர் முடிவதற்குள், ஒரு கிலோ டொலமைற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.